ஹார்வர்டின் தகுதித் தராசு

“தகுதி போயிற்று! திறமை போயிற்று!” என்ற ஒப்பாரி நமக்குப் புதிதன்று. அது கடல் கடந்த அமெரிக்காவிலும் எழுந்து, 2023 ஜூன் 29 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பாகவே வெளிவந்தது. ஹார்வர்டு, வடகரோலினா ஆகிய பல்கலைக் கழகங்கள் மாணவரைச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொண்டது சட்ட விரோதமாம். எந்தச் சட்டத்திற்கு? அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தர 1868இல் இயற்றப்பட்டதே, அந்தப் பதினான்காம் திருத்தத்திற்கு! அடிமைகளின் பேரர்களைத் தடுக்க, அடிமைகளுக்காக வார்த்த கேடயத்தையே எடுத்து வீசினர்.

அங்கே இருந்தது நம் நாட்டு இட ஒதுக்கீடு போன்றதென எண்ணிவிடாதீர், தோழர்களே! டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐ ஒதுக்கியது. ஆலன் பாக்கே என்ற வெள்ளையர் வழக்காடினார்; 1978இல் ஒதுக்கீடு வீழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக் கழகம் 150 புள்ளிகளில் 20ஐ ஒடுக்கப்பட்ட சிறுபான்மை இனத்தவர்க்கு அளித்தது. 2003இல் அதுவும் வெட்டுண்டது. மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, குடும்பச் சூழல் எனப் பலவற்றோடு இனத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்ற சிறு திரியே எஞ்சியது. அதைத்தான் 2023இல் ஊதி அணைத்தனர்.

இதில் ஆதரித்தோர் மீதும் நமக்குக் குறையுண்டு. நூற்றாண்டுக் கணக்கில் சமுதாயம் இழைத்த கொடுமைக்கு ஈடு இது என்று கூற 1978 முதல் நீதிமன்றம் இடம் தரவில்லை. பல இனத்து மாணவர் கூடிப் படித்தால் கல்வி சிறக்கும் என்ற காரணமே ஏற்கப்பட்டது. பல்கலைக் கழகங்களும் அதையே பற்றிக்கொண்டன. உரிமையை உரிமையென்று கேளாமல் கூடத்திற்கு அழகென்று கேட்டால், அழகு போதுமென்று அவன் கதவடைக்கும் நாளில் என்ன வாதம் எஞ்சும்?

சரி, தகுதி காக்கும் அந்தத் தராசைப் பார்ப்போம். பழைய மாணவரின் பிள்ளைகள், நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள், ஆசிரியர் பிள்ளைகள், விளையாட்டுக்கென அழைக்கப்பட்டோர் ஆகியோருக்கு ஹார்வர்டில் தனி வழி. விண்ணப்பித்தோரில் அவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. சேர்க்கப்பட்டோரிலோ 30 விழுக்காடு அளவு! அப்படி விண்ணப்பித்தோரில் மூன்றில் இரு பங்குக்கு மேல் வெள்ளையர். அந்த வழக்கிலேயே வெளிவந்த கணக்கு இது. அப்பன் நுழைந்த வாயிலில் மகனும் நுழைவான். இதை நாம் வருணம் என்போம், அவர்கள் பாரம்பரியம் என்கின்றனர். நீதிபதி கோர்சச் தம் தனிக் குறிப்பில் இதைச் சுட்டினார், உண்மைதான். தீர்ப்போ இதைத் தொடவில்லை. நிறம் தெரியாத நீதிக்குப் பரம்பரை மட்டும் நன்றாகத் தெரிகிறது!

இன்னொரு வேடிக்கை. இராணுவக் கல்விக் கூடங்களைப் பற்றி ஏதும் கூறவில்லையென ஓர் அடிக்குறிப்பில் நழுவிக்கொண்டது தீர்ப்பு.

விளைவு காண நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் முந்தைய ஆண்டுகளில் சராசரியாக 13 விழுக்காடாக இருந்த கறுப்பின மாணவர், 2024இல் சேர்ந்தோரில் 5 விழுக்காடு.

நம் வகுப்புவாரி ஆணையும் 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டதுதான். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் தொடுத்த வழக்கு அது! ஆனால் பெரியாரும் கழகத் தோழர்களும் கிளர்ந்தனர். தெருவில் எழுந்த முழக்கம் டில்லியை எட்டியது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு பிறந்தது. அமெரிக்கத் தோழர்களின் பாதை இதனினும் செங்குத்தானது. அங்கே திருத்தம் வேண்டின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசையவேண்டும். பின்னர் 50 மாநிலங்களில் 38 ஒப்பவேண்டும். 1992க்குப் பின் அவ்வாறு ஒன்றுகூட நிறைவேறவில்லை.