முகம் காட்டாத ஜிம்மி

ஆகஸ்ட் மாதத்தின் முதல் சனிக்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்டர்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் விடிந்தும் விடியாமலும் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் சாலையில் இறங்கிவிடுகின்றன. அன்று ஒரு நாளில் மட்டும் ஏறத்தாழ 175 கி.மீ. மிதித்தாக வேண்டும். பாதித் தூரம் கடந்து, தொடை கனத்து, ஹேண்டில்பாரைப் பிடித்த உள்ளங்கை மரத்துப்போன நேரத்தில் லேக்வில் என்ற ஊரில் தண்ணீர்ப் பந்தல் வருகிறது. அந்தப் பகுதியில் சாலையோரம் வரிசையாகப் படங்கள் நடப்பட்டிருக்கின்றன. எல்லாம் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் படங்கள். பந்தலில் அந்தக் குழந்தைகளில் சிலர் பெற்றோருடன் காத்திருக்கிறார்கள். சவாரிக் குழுக்களோடு இணைக்கப்பட்ட இவர்களுக்கு ‘பெடல் பார்ட்னர்’ என்று பெயர். வியர்வையில் ஊறிய சட்டையோடு இறங்கும் ஐம்பது வயதுக்காரர் ஒரு ஆறு வயதுக் குழந்தையின் முன்னால் முழங்காலிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சைக்கிளில் ஏறுவது அங்கே சாதாரணக் காட்சி.

இந்தப் பயணத்துக்கு பான்-மாஸ் சேலஞ்ச் என்று பெயர். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் 1980-ல் இதைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 36 பேர். திரண்டது 10,200 டாலர். இன்று ஆண்டுக்கு 6,000-க்கும் அதிகமானோர் மிதிக்கிறார்கள். இதுவரை திரண்ட தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பணம் பாஸ்டன் நகரின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. குழந்தைகளின் நோய்க்காகத் தொடங்கப்பட்ட அதன் ‘ஜிம்மி நிதி’தான் பணம் போகும் வழி.

நோயுற்ற குழந்தைக்குப் பணம் வேண்டுமென்றால் நேரடியாகக் கேட்டு வாங்கிவிடலாமே, அதற்கு ஏன் ஒருவர் இரண்டு நாள் வெயிலில் வாட வேண்டும்? சைக்கிள் சுற்றியவரைப் பார்த்து வளர்ந்த தமிழ்க் கிராமத்தாருக்கு இதன் பதில் பாதி தெரியும். ஊர்த் திடலில் ஒருவர் கீழே இறங்காமல் நாள் கணக்கில் சைக்கிள் மிதிப்பார். சாப்பாடும் குளியலும் சைக்கிள் மேலேயே. மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆக ஆக அவருடைய கண் உள்ளே போகும், சட்டையில் குத்தப்படும் ரூபாய் நோட்டு பெருகும். ஊர் காசு கொடுத்தது வித்தைக்காக மட்டுமில்லை, அவர் பட்ட பாட்டுக்காகவும்தான். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதனைகளில் கண்டது. நிதி திரட்டுவதில் வலியும் உழைப்பும் கலந்திருந்தால் மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதிலும் மனிதத் துயரைத் தீர்க்கும் காரியமென்றால் இந்த விளைவு இன்னும் வலுக்கிறது. பூங்கா அமைக்கக் காசு கேட்பவர் வலியில் துடிக்க வேண்டியதில்லை. நோயில் கிடக்கும் குழந்தைக்காகக் கேட்பவர் துடித்தால் பை திறக்கிறது.

ஆக, இந்தப் பயணங்களின் பலம் வெறும் விளம்பரத்தில் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நவம்பர் மாதக் குளிரிலும் பயிற்சிக்குக் கிளம்புவதைப் பார்த்தவர், அவர் நீட்டும் நன்கொடைத் தாளை மறுக்கமாட்டார். முகம் தெரியாத நிறுவனத்தின் கடிதத்தைக் குப்பையில் போடுபவர்கூட, தெரிந்தவரின் வலியை மதிக்கிறார்.

ஆனால் வலி இலவசமாகக் கிடைப்பதில்லை. ஸ்காட்லாந்தின் பெர்த் நகர மருத்துவமனை மருத்துவர்கள், பாராசூட்டில் குதித்துக் காயம்பட்டு வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கணக்கெடுத்து 1999-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 174 பேர், பெரும்பாலோர் தர்மத்துக்காகக் குதித்தவர்கள். திரண்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவத் துறை 13.75 பவுண்டு செலவழித்திருந்தது! சைக்கிள் பாராசூட் அளவுக்கு ஆபத்தானதில்லை. ஆனாலும் கேள்வி அதேதான்: வரவைக் கூவிச் சொல்பவர்கள் செலவை எங்கே எழுதுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு பான்-மாஸ் தரும் பதில் கறாரானது. மிதிப்பவர் திரட்டும் பணம் முழுவதும், ஒரு டாலர் குறையாமல், மருத்துவ மையத்துக்குப் போகிறது. நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட தொகையைத் திரட்ட முடியாதவரின் கிரெடிட் கார்டிலிருந்தே மீதி எடுக்கப்படுகிறது. வாக்கு கொடுத்துவிட்டு நழுவ முடியாது.

டென்மார்க்கின் டீம் ரின்கேபி இன்னும் அழகான கதை. 2002-ல் ரின்கேபி என்ற பழச்சாறு நிறுவனத்தோடு தொடர்புடைய 11 பேர், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாளைப் பார்க்க பாரிஸ் வரை சைக்கிளிலேயே போவதென்று கிளம்பினார்கள். ஸ்பான்சர் பணம் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்து, கையில் 38,000 குரோனர் மிஞ்சியது. அதை ஓடென்சே பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். அந்த மிச்சப் பணத்திலிருந்து வளர்ந்த மரம் இன்று ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என்று பரவி நிற்கிறது. கோடைதோறும் சுமார் 2,000 பேர் மஞ்சள் உடையில் மஞ்சள் சைக்கிளில் ஏறத்தாழ 1,200 கி.மீ. மிதித்து பாரிஸ் சேர்கிறார்கள். சைக்கிள், உடை, தங்கும் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு. குழந்தையின் பெயரில் வந்த பணத்தில் யாரும் பாரிஸ் பார்ப்பதில்லை. இந்த ஒழுங்கு ஒன்றுக்காகவே ரின்கேபியை மற்றவர்கள் பின்பற்றலாம்.

எதிர்முனையில் டேன் பலோட்டா நிற்கிறார். 1994-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஒரு வாரச் சைக்கிள் பயணத்தை நடத்தி, இன்று நாம் பார்க்கும் பெரும் பயணங்களுக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். நகரும் கூடாரங்கள், வெந்நீர்க் குளியல், பக்கம் பக்கமாக விளம்பரம். கோடிக்கணக்கில் பணம் வந்தது. செலவும் அதற்கேற்ப இருந்தது. விமர்சனம் முற்றி, கூட்டாளி அமைப்புகள் விலகி, 2002-ல் நிறுவனம் மூடப்பட்டபோது 350 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். செலவில்லாமல் சில்லறை திரட்டுவதைவிட, செலவழித்துப் பெருந்தொகை திரட்டுவதே நோயாளிக்கு நல்லது என்பது பலோட்டா பின்னாளில் மேடைகளில் வைத்த வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. செலவு குறைவாக இருப்பதாலேயே ஒரு அமைப்பு நல்லதாகிவிடாது. ஆனால் நண்பனின் வலிக்காக நூறு டாலர் கொடுப்பவருக்கு, அதில் நாற்பது கூடாரத்துக்கும் விளம்பரத்துக்கும் போகுமென்றால், கொடுக்கும் முன்பே அது தெரிந்திருக்க வேண்டும். பலோட்டாவின் வாதத்தில் இந்த இடம் பலவீனமாகவே இருக்கிறது.

கணக்கு நேராக இருக்கும் பயணங்களிலும் ஒரு கோணல் உண்டு. பான்-மாஸில் முழுப் பாதையை மிதிக்க ஒருவர் ஆயிரக்கணக்கான டாலர் திரட்ட வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கக்கூடிய நண்பர்கள் இருக்க வேண்டும். நல்ல சைக்கிளும், பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஓய்வு நேரமும் வேண்டும். வசதியுள்ளவர்களின் வட்டத்தில்தான் பணம் சுழல்கிறது என்றால், அந்த வட்டம் நேரில் கண்ட துயரத்துக்கே அது போய்ச் சேரும். புற்றுநோய் ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. அதனால் அது வசதியான வீடுகளுக்கும் தெரிந்த எதிரி. அமெரிக்காவில் ஆண்டுக்கு 15 வயதுக்குக் கீழ் ஏறத்தாழ 10,000 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் வளர்ப்புக் காப்பில் இருக்கும் பிள்ளைகள் 3 லட்சத்துக்கும் மேல். இந்தப் பிள்ளைகளின் பக்கத்து வீட்டில் விலையுயர்ந்த சைக்கிள் நிற்பது அபூர்வம். அவர்களுக்காகவும் சிலர் மிதிக்கிறார்கள்தான், ஆனால் நூறு கோடி டாலரை அங்கே பார்க்க முடியாது. புற்றுநோய் வார்டுக்குப் போகும் பணத்தில் ஒரு காசைக்கூடக் குறைக்கச் சொல்லும் பேச்சில்லை இது. எந்தக் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது, எந்தக் குழந்தை தெரிவதில்லை என்ற கவலை.

கண்ணுக்குத் தெரிவது என்றால் லேக்வில் சாலையோரப் படங்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. டேனா-ஃபார்பர் பெரியவர்களுக்கும் சிகிச்சை தரும் மையம். சவாரியில் திரளும் பணம் இன்ன பிரிவுக்கு என்ற நிபந்தனையில்லாமல் மையம் முழுமைக்கும் போகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய சுதந்திரம், பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் சாலையோரம் நிற்பது குழந்தைகளின் முகம். அந்த முகத்துக்குப் பணம் திரட்டும் சக்தி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்று அந்தப் படம் கைப்பேசி வழியாக எங்கும் போகும், எப்போதும் இருக்கும். பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை அதைப் பார்த்து என்ன நினைப்பாள்? பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மொட்டைத் தலையோடு நிற்பவள் போடவில்லை.

இதே ஜிம்மி நிதி பிறந்த கதையில் வேறொரு வழி இருந்தது. 1948 மே மாதம். ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய வானொலி நிகழ்ச்சி, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் கிடந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் படுக்கையருகே நடந்தது. பையனின் பெயரைக் காக்க ‘ஜிம்மி’ என்று புனைபெயர் வைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் நுழைந்தார்கள். பையனுக்கு ஆட்டம் பார்க்க ஒரு டெலிவிஷன் வேண்டும், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 20,000 டாலர் திரண்டால் அது கிடைக்கும் என்று நேயர்களிடம் சொல்லப்பட்டது. வந்தது 2,31,000 டாலருக்கும் மேல். முகமில்லை, ஊரில்லை, உண்மைப் பெயரில்லை. ஒரு குரல் மட்டும்.

அவனுக்குச் சிகிச்சை தந்த சிட்னி ஃபார்பர் அதே ஆண்டில்தான், அமினோப்டெரின் மருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைக்கிறது என்று அறிவித்தார். அந்த மருந்தை உருவாக்கித் தந்த குழுவை வழிநடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் முகமும் பலருக்குத் தெரியாது. அன்று பிழைக்க வழியே இல்லாதிருந்த குழந்தைகளின் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இடைவிடாமல் வந்த பொதுமக்கள் பணத்தில் சைக்கிள் பணத்துக்கும் பங்குண்டு.

உள்ளூர் மருத்துவமனைக்காக மிதிப்பவர்களின் குறைகள் திருத்தக்கூடியவை. தூர தேசத்துக்குப் பறந்துபோய் மிதிக்கும் பயணங்களில் சில, திரட்டும் பணத்தைவிடப் பெரிய தீங்கைச் செய்கின்றன. வியட்நாமிலிருந்து கம்போடியாவின் அங்கோர் வாட் வரை மிதிப்பது பல ஆண்டுகளாக விற்கப்படும் ஒரு பயணத் திட்டம். சில ஏற்பாடுகளில் நன்கொடையின் ஒரு பகுதி, மிதிப்பவரின் ஹோட்டலுக்கும் வழிகாட்டிக்கும் போகிறது. கம்போடியாவில் அனாதை இல்லம் பார்க்கப் போவது சுற்றுலாவின் அங்கமாகவே ஒரு காலத்தில் ஆகியிருந்தது. அங்கே பிள்ளைகள் வருவோர் முன் ஆடிப் பாடுவார்கள். யுனிசெஃப் துணையுடன் அந்நாட்டு அரசு 2011-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது: 2005-க்கும் 2010-க்கும் இடையில் அந்த இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார். இல்லத்துக்குப் பணம் வருவதால் இல்லம் பெருகுகிறது, இல்லம் நிறைய வேண்டுமே என்று ஏழை வீட்டுப் பிள்ளை கொண்டுவரப்படுகிறது. 2019-ல் ஐ.நா. பொதுச் சபையே, சுற்றுலாவோடு கலந்த அனாதை இல்லத் தொண்டு குழந்தைகளுக்குச் செய்யும் தீங்கைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. முன்னூறு மைல் மிதித்து வந்தவரின் நல்ல மனதில் சந்தேகமில்லை. அந்த மனது ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்திருக்கக்கூடும் என்பதுதான் வேதனை.

சைக்கிளைப் பணம் திரட்டும் சாக்காக வைக்காமல், அதையே குழந்தையின் கையில் கொடுத்தவர்களும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு எஃப்.கே. டே, லியா மிஸ்பாக் டே தம்பதியர் 2005-ல் தொடங்கிய வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப், வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து இலங்கையில் 24,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய், கனமான இரும்புச் சட்டமும் வலுவான கேரியரும் கொண்ட ‘பஃபலோ’ சைக்கிளை உருவாக்கியது. சாம்பியாவில் அது கிடைத்த மாணவிகளுக்குப் பள்ளி போய்வரும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை, பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு காட்டியது. விடுப்பும் குறைந்தது. அரசு கொடுத்த சைக்கிளில் புத்தகப் பையை கேரியரில் வைத்து, வரிசையாகப் போகும் மாணவிகளைத் தினமும் பார்க்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த அமைப்புக்காகவும் பலர் நெடுந்தூரம் மிதித்துப் பணம் திரட்டுகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் எந்தப் பிள்ளையும் நடனமாடக் காத்திருப்பதில்லை. பிள்ளை அந்நேரம் வேறொரு சாலையில், தன் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பாள்.

ஜிம்மியின் உண்மைப் பெயர் ஐனார் குஸ்டாஃப்சன். மெய்ன் மாநிலத்தில் நியூ ஸ்வீடன் என்ற சிற்றூர்க்காரர். குடலில் வந்த புற்றுநோயிலிருந்து பிழைத்து, ஊர் திரும்பி, வளர்ந்து, லாரி ஓட்டினார். அவரது புனைபெயரில் லட்சங்கள் கோடிகளாயின. மருத்துவமனைக்காரர்களே பையன் எப்போதோ இறந்திருப்பான் என்று நினைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் அவர் யாரென்று வெளியுலகுக்குத் தெரியவில்லை. 1998-ல், 62 வயதில், அந்தச் சிறுவன் நான்தான் என்று முகம் காட்டினார். அன்று வீரர்கள் கொடுத்த பிரேவ்ஸ் அணிச் சீருடை அவர் வீட்டில் பத்திரமாக இருந்தது.