மைய இடக் கோட்பாடும் ஆட்சி அதிகாரமும்: வால்டர் கிறிஸ்டாலர் - ஒரு மதிப்பீடு

மானிடப் புவியியல் பாடநூல்களில் தவறாது இடம்பெறுவது மைய இடக் கோட்பாடு. செருமானியப் புவியியலறிஞர் வால்டர் கிறிஸ்டாலர் (1893-1969), தென் செருமனியின் மைய இடங்கள் குறித்து 1933இல் வெளியிட்ட நூலில் இதனை நிறுவினார். ஊர்களின் எண்ணிக்கை, அளவு, இடைவெளி ஆகியவற்றில் காணப்படும் ஒழுங்கினை அந்நூல் அறுகோண வலைப்பின்னல் கொண்டு விளக்கிற்று. மாணவர் பெரும்பாலும் கற்பது இவ்வளவே. அக்கோட்பாடு பின்னர் எப்பணிக்குப் பயன்பட்டது என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

செருமானிய இனத்தை வலுப்படுத்துவதற்கான ஆணையகம் 1939 அக்டோபரில் ஹிம்லரின் பொறுப்பில் அமைந்தது. அதன் திட்டப் பிரிவின் தலைவர் வேளாண் பேராசிரியர் கொன்ராட் மேயர். கிறிஸ்டாலர் 1940இல் நாசிக் கட்சியில் சேர்ந்து, அப்பிரிவுக்காகப் பணியாற்றினார். செருமனி கைப்பற்றிய போலந்துப் பகுதிகளில் புதிய குடியிருப்புகளைப் படிநிலைப்படுத்தி அமைப்பதே அவருடைய பணி. அங்கு வாழ்ந்த போலந்து மக்களையும் யூதர்களையும் அகற்றுதல் அக்குடியேற்றத்தின் முன்நிபந்தனையாக இருந்தது.

இதனைப் பற்றி இருவேறு கருத்துகள் கூறப்படலாம். கோட்பாடு நடுநிலையானது, பயன்படுத்தியவரே குற்றவாளி என்பது ஒன்று. கோட்பாடே கறைபட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்து முற்றும் பொருந்தாது. நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்கப்பட்ட வடகிழக்குப் போல்டரில் எம்மெலோர்ட் நகரைச் சுற்றிப் பத்துச் சிற்றூர்கள் அமைந்தன. இக்கோட்பாட்டுடன் ஒப்பிடப்படும் அவ்வமைப்புக்காக எவரும் தம் வயலினின்று விரட்டப்படவில்லை. அந்நிலம் உண்மையிலேயே வெறுமையானது.

முதற் கருத்தும் நிறைவுடையதன்று. மக்கள் சீராகப் பரவிய, தடையற்ற சமவெளி என்பது இக்கோட்பாட்டின் எடுகோள். 1933இல் அது சிந்தனைக்கான கருவி. உண்மை நிலை அதனின்று விலகியபோது அவ்விலகலுக்குக் காரணம் தேடப்பட்டது. போலந்திலோ விலகலே குறையாகக் கருதப்பட்டது. விளக்கம் விதியாக மாறியபோது, நிலத்தைக் கோட்பாட்டுக்கு ஏற்பத் திருத்தும் உரிமை அரசுக்கு வழங்கப்பட்டது. வரைபடத்தில் வெறுமையாகக் காட்டப்பட்ட நிலம், நடைமுறையில் வெறுமையாக்கப்பட வேண்டிய நிலமாயிற்று. இம்மாற்றத்தைச் செய்தவர் அரசியலாளர் மட்டுமல்லர். கோட்பாட்டை நிறுவியவரும் அதில் பங்குகொண்டார்.

கிறிஸ்டாலர் பிறவி நாசியல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. முன்னர்ச் சமூக சனநாயகக் கட்சியைச் சார்ந்திருந்த அவர், போருக்குப் பின் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். எனவே கொள்கைப் பற்றைவிட, தம் கோட்பாட்டை நிலத்தில் நிறைவேற்றிக் காணும் வாய்ப்பே அவரை ஈர்த்தது எனக் கருத இடமுண்டு. இது குற்றத்தைக் குறைப்பதன்று. எந்த ஆட்சியிலும் எந்த அறிஞருக்கும் நேரக்கூடியது என்பதால் எச்சரிக்கையைக் கூட்டுவதாகும்.

போருக்குப் பிந்தைய வரலாறும் இதனை மறைக்கவே துணைசெய்தது. நூரம்பர்க் வழக்கில் மேயர் முதன்மைக் குற்றச்சாட்டுகளிலிருந்து 1948இல் விடுவிக்கப்பட்டார். 1956இல் ஹனோவரில் மீண்டும் பேராசிரியரானார். கிறிஸ்டாலரின் நூல் 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அறுகோணங்கள் பாடநூலுக்குள் வந்தன. அவற்றுக்காக இடம்பெயர்க்கப்பட்டோர் வரவில்லை. அக்கோட்பாட்டை விலக்குதல் தீர்வாகாது. வெற்றுச் சமவெளி என்னும் எடுகோளைக் கற்பிக்கும் இடத்திலேயே, அது ஒருகால் யாரை அகற்றிப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே புவியியலின் கடமை எனலாம்.