கடம் இருந்த சக்தி

சக்தி குழுவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஜான் மெக்லாப்ளினின் கிதார் விரல் வேகத்தில் தொடங்கி, எல். சங்கரின் வயலின் வில்லுக்குத் தாவி, ஜாகீர் உசேனின் தபலாவில் போய் நிற்கும். கடத்தின் முறை வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். விக்கு விநாயக்ராமின் பெயர் நான்காவதாக, ஒரு மரியாதைக்காகச் சொல்லப்படும். இந்த வரிசையை நான் தலைகீழாகப் போடுவேன். மற்ற மூவரும் இன்னொரு குழுவிலும் அவரவர் மேதைமையோடு இருந்திருப்பார்கள்; இருந்தும் காட்டினார்கள். ஆனால் 1975 முதல் 1978 வரை நாம் சக்தி என்று கேட்டு மயங்கிய அந்தக் குறிப்பிட்ட ஒலி, அந்தத் தெளிவு, அந்தக் காற்றோட்டம், மடியில் சாய்ந்து கிடந்த மண்பானையிலிருந்து வந்தது. பானை நகர்ந்த பிறகு வந்த சக்தி நல்ல சக்திதான். ஆனால் அது வேறு சக்தி.

மெக்லாப்ளின் எங்கிருந்து வந்து சேர்ந்தார் என்பதை வைத்துத்தான் இதை அளக்க வேண்டும். 1971-இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா அன்றைய ராக் உலகின் மிக உரத்த குழுக்களில் ஒன்று. இரட்டைக் கழுத்து மின் கிதார், ஜெர்ரி குட்மனின் மின் வயலின், எல்லாவற்றுக்கும் கீழே பில்லி கோபமின் பேஸ் டிரம்கள். ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973-இல் அமெரிக்கப் பட்டியலில் முதல் இருபதுக்குள் ஏறியது. வார்த்தை இல்லாத, ஒற்றைப்படைத் தாளங்களில் ஓடும் இசைக்கு அது நினைத்தும் பார்க்க முடியாத இடம். அந்த உச்சத்தில் நின்ற மனிதர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றது அதற்கான வழியைத் திறந்தது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்கள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் கற்பித்த இடம் அது, எல். சங்கரும் ராம்நாடு ராகவனும் அங்கேதான் இருந்தார்கள். சக்தியை ஏதோ ஒரு ராக் நட்சத்திரத்தின் இந்திய மோகம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பின்னணியைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் குழு ஒரு கர்நாடக இசை வகுப்பறையின் நிழலில் முளைத்தது.

முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டின் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. ‘ஜாய்’ என்ற பதினெட்டு நிமிடப் பாய்ச்சலைத்தான் பலரும் சக்தியின் சிகரம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தட்டில் தபலாவும் இருக்கிறது, ராகவனின் மிருதங்கமும் இருக்கிறது, கடமும் இருக்கிறது. தபலாவின் ‘நா’வும் மிருதங்கத்தின் மீட்டும் இரண்டுமே சுருதி பிடித்து நீளும் நாதம். வேகமான கோர்வையில் அவை ஒன்றின் வாலை இன்னொன்று மிதிக்கின்றன. அரங்கின் உற்சாகம் அதை மறைத்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் நடுவில் ஒரு நெரிசல் தெரியும். ராகவன் குறைந்தவர் என்று இதற்குப் பொருளல்ல. கச்சேரி மேடையில் அந்தக் கை பேசிய மொழி வேறு தரம். ஒரே வேலையை இரண்டு பெரிய வாத்தியங்கள் செய்ய வேண்டியிருந்ததுதான் இங்கே சிக்கல். அடுத்த தட்டில் ராகவன் இல்லை. தென்னக லயத்தின் முழுப் பொறுப்பும் ஒற்றைப் பானையின் மேல் விழுந்தது. சக்தி அங்கேதான் பிறந்தது என்பேன்.

பானைக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தோல் வாத்தியங்களின் பாடு மலேசியாவின் கேமரன் மலைப் பிரிஞ்சாங் போன்ற ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், மாலை நான்கு மணிக்கே பனி இறங்கித் தேயிலைச் சரிவை மூடும் இடத்தில், மிருதங்கத்தின் வலந்தலை கச்சேரி நடுவிலேயே இறங்கிவிடும். தப்பைத் தீயில் காய்ச்சாமல் அடித்தால் சொத்தென்று விழும். கடத்துக்கு இந்தக் கவலை கிடையாது. சூளையில் என்ன சுருதி பிறந்ததோ ஏறக்குறைய அதுதான் ஆயுளுக்கும். இறுக்க வார் இல்லை, தட்டக் கல் இல்லை, பூசக் கரணை இல்லை. பாட்டின் சுருதிக்கு ஏற்ற கடத்தைத் தேர்ந்து எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான். மானாமதுரை மண்ணில் தடித்த சுவரோடு வனைந்த கடம் உலோகத்தைப் போலக் கணீரென்று பேசும். அந்தக் கணீர் பிறந்த கணமே அடங்கியும் விடும். சக்தி போன்ற குழுவுக்கு இந்த அடக்கம்தான் உயிர். கிதாரும் வயலினும் ஒரே வரியை மின்னல் வேகத்தில் சேர்ந்து வாசிக்கும்போது, கீழே இருக்கும் தாள வாத்தியம் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வழிவிட வேண்டும். தோல் அதைச் செய்யச் சிரமப்படும். மண் இயல்பாகச் செய்கிறது.

1976-இல் லண்டனில் பதிவான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். ‘லா டான்ஸ் டு போனர்’ கொன்னக்கோலில் திறக்கிறது. வாயில் சொன்ன சொற்கட்டு பிறகு தபலாவுக்கும் கடத்துக்கும் இறங்கும்போது எது வாய், எது விரல் என்று காது தடுமாறுகிறது. விக்குவின் கை வளர்ந்த வீட்டை நினைத்தால் இதில் வியப்பில்லை. தந்தை ஹரிஹர சர்மா 1958-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீ ஜய கணேச தாள வாத்திய வித்யாலயாவில் கொன்னக்கோல்தான் அடிப்படை. வாய் சொல்லாததைக் கை தொடக்கூடாது என்ற ஒழுங்கு. அந்த ஒழுங்கிலிருந்து வந்ததால்தான் விக்குவின் கடம் வெறுமனே ஒலிக்காமல் உச்சரிக்கிறது. விரல் நுனி ஒன்று சொல்கிறது, நகம் இன்னொன்று, உள்ளங்கை வேறொன்று, மணிக்கட்டு பானையின் கழுத்தருகே மற்றொன்று. பானையின் வாயை வயிற்றிலிருந்து சற்றே விலக்கி எழுப்பும் கும்கி, பேஸ் கிதார் இல்லாத அந்தக் குழுவுக்குத் தேவைப்பட்ட ஆழத்தைத் தருகிறது. மெக்லாப்ளின் கையில் இருந்த கிதாரும் இதற்கென்றே ஆனது போலிருக்கும். ஏப் வெக்டர் அமைத்துக் கொடுத்த அந்த வாத்தியத்தில் ஏழு பக்கத் தந்திகள் குறுக்கே ஓடின; விரல்பலகை மெட்டுகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. கமகத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பக்கத் தந்திகளின் மெல்லிய அதிர்வு நமக்குக் கேட்பதே, அடியில் பானை அடக்கமாக இருப்பதால்தான். அங்கே கோபமின் டிரம்களை வைத்தால் ஏழு தந்திகளும் வீண்.

ராக் ரசிகர்களின் ஆட்சேபம் எனக்குத் தெரியும். மகாவிஷ்ணுவின் வலிமை எங்கே, இந்தச் சம்மணக் கச்சேரி எங்கே என்பார்கள். வலிமையைச் சத்தத்தின் அளவாக எண்ணும்வரை இதற்குப் பதில் இல்லை. சக்தியின் தட்டுகள் மகாவிஷ்ணு அளவுக்கு விற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ராக் உலகமே பிறகு பானையைத் தேடி வந்தது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-இல் ‘பிளானட் டிரம்’ செய்தபோது ஜாகீரோடு விக்குவையும் அழைத்தார். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அந்த இசைத்தட்டுக்குத்தான். வாழ்நாள் முழுவதும் பெரிய அரங்குகளில் இரண்டு டிரம் செட்டுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவரின் காது கடத்தில் வலிமையைக் கண்டது என்றால், அதை மென்மை என்று ஒதுக்குகிறவர்கள் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

மறுபுறம் கர்நாடக இசைக்காரர்களின் முணுமுணுப்பு. மேற்கத்தியக் கிதாருக்குத் துணை போனதில் கடம் தன் இடத்தை விற்றுவிட்டது என்பது அவர்கள் குறை. நடந்தது நேர்மாறு. நம் மேடையில் கடத்துக்கு எந்த இடம் கொடுத்திருந்தோம்? மிருதங்கத்துக்குப் பின்வரிசையில், தனி ஆவர்த்தனத்தில் மிச்சம் கிடைத்த நேரத்தில், வித்வான் விரும்பினால் மட்டும். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது உடன் வாசித்த விக்குவுக்கும் உள்ளூர் சபாக்களில் அதே பின்வரிசைதான். சக்தியில் அந்தக் கடம் தபலாவுக்கு நேர் எதிரே, சம உயரத்தில் உட்கார்ந்தது. ஜாகீரோடு நடந்த கேள்வி பதில்களில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார், எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒற்றை அடியில் முட்டி நிற்கிறது. நம் தனியில் கேட்கும் குறைப்பேதான் அது. விற்கப்பட்டது எதுவும் இல்லை. நாம் கொடுக்காத நாற்காலியை வெளியூர்க்காரர் கொடுத்தார், அவ்வளவே.

ஜாகீர் ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவரில்லாமல் சக்தி இல்லை. தபலாவின் இடக்கைப் பாயாவின் நெகிழ்வும் கடத்தின் கறாரும் ஒன்றையொன்று துலக்கின என்பதே என் கட்சி. தபலா வளைக்கிறது, கடம் வரைகிறது. ஆனால் 1977-இல் வந்த ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ சற்று இளைத்துப் போனதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். பாட்டுகள் குட்டையாகின. மேற்கத்திய இசைவுக் கட்டுகள் முன்னுக்கு வந்தன. கடம் விரித்துப் பேச இடமில்லாமல், நேரம் காட்டும் வாத்தியமாகச் சுருங்கியது. குழு அடுத்த ஆண்டே கலைந்ததற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அந்தத் தட்டை மட்டும் கேட்கும் என் காதுக்கு, சொல்ல வந்ததைச் சுருக்கச் சொன்னபோதே களைப்பு தொடங்கிவிட்டது.

1997-இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் கூடியபோது ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு விக்குவின் கடமும் வந்தது. அந்தப் பதிவின் நிதானம் பலருக்குச் சலிப்பூட்டியது. நான் அதன் பக்கம். குழலின் நீண்ட மூச்சுக்குக் கீழே கடம் எத்தனை குறைவாக வாசிக்கிறது என்பதைக் கவனிக்கிறவர்களுக்கு அது பெரிய பாடம். பிறகு மேண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார், விக்குவின் இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். செல்வகணேஷின் கஞ்சிரா அதிசயம். ஒற்றைக் கையில் அவர் எழுப்பும் கீழ்சுரங்களைக் கேட்டு மயங்காதவர் யார்? ஆனால் கஞ்சிரா தோல். ஈரம் பூசிய உடும்புத் தோலின் குழைவு தபலாவின் பாயாவோடு உறவாடுகிறது, அதே பக்கம் சாய்கிறது. பழைய சக்தியில் இருந்த எதிரெதிர் நிலை, மண்ணுக்கும் தோலுக்கும் இடையிலான அந்த இழுபறி, தளர்ந்துவிட்டது. அந்த இடைவெளியை ஸ்ரீநிவாஸின் மேண்டலின் நிரப்பியது. கூர்மையாகத் தெறித்து உடனே அடங்கும் அதன் சுரங்கள் ஒருவகையில் கடத்தின் வேலையைத்தான் செய்தன. 2014 செப்டம்பரில் அவர் 45 வயதில் மறைந்தபோது அந்தக் கூர்மையும் போயிற்று. 2023-இல் வந்த ‘திஸ் மொமெண்ட்’ மறு ஆண்டு கிராமி வாங்கியது, தகுதியோடு வாங்கியது. கணேஷ் ராஜகோபாலனின் வயலின் அதில் அழகு. 2024 டிசம்பரில் ஜாகீரும் போய்விட்டார். குரலும் மெருகும் நிறைந்த அந்தத் தட்டில் நான் தேடுவது பழைய காற்றோட்டத்தை. கிடைப்பது சில இடங்களில் மட்டும்.

இன்று கலப்பிசை என்ற பெயரில் நம் மேடைகளில் நடப்பதைப் பார்த்தால் மனம் நோகிறது. முழு டிரம் செட், பேஸ் கிதார், கீபோர்டு, இவற்றுக்கு முன்னால் அலங்காரத்துக்கு ஒரு கடம். வாசிப்பவர் விரல் தேய வாசித்தாலும் அரங்குக்குக் கேட்பது டிரம்மின் சிம்பல்தான். இங்கே மலேசியாவில் உறுமி மேளத்துக்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமியின் இழுப்பு தப்பின் வெட்டுக்கு எதிராக நின்றபோது அதில் பேச்சு இருந்தது. பிளாஸ்டிக் தோலும் வண்டியில் ஏற்றிய ஒலிபெருக்கியும் வந்த பல குழுக்களில் எல்லாம் ஒரே இடியாகிவிட்டது. காய்ச்ச வேண்டியதில்லை, மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகத் தோலைக் கைவிட்டோம்; மண்ணைப் போல அடங்கத் தெரிந்த எதையும் அதன் இடத்தில் வைக்கவில்லை. இளைஞர்களுக்குக் கைவேகம் குறையவில்லை, அது கூடித்தான் இருக்கிறது. அடிக்கும் அடிக்கும் நடுவில் விட வேண்டிய இடத்தைத்தான் எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உறுமிக் குழு நடத்தும் ஆசான்கள் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். கிதாரைக் கவனிக்க வேண்டாம், வயலினைக்கூட வேண்டாம். கடம் எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறது என்பதை மட்டும் எண்ணச் சொல்லலாம்.