ஹேரியட் கிடைத்துவிட்டாள், மற்றவர்கள்?

ஸ்டீக் லார்சனின் ‘தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ’வை இரண்டாவது தடவையாகப் படித்து முடித்தேன். முடிவைப் போட்டு உடைத்துத்தான் பேசப் போகிறேன். இன்னும் படிக்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.

1966 செப்டம்பர். ஸ்வீடனில் ஒரு தீவில் வாங்கர் என்கிற தொழிலதிபர் குடும்பம் கூடியிருக்கிறது. பாலத்தில் ஒரு டேங்கர் லாரி விபத்து. வழி அடைபட்டுப் போகிறது. அன்றைக்குத்தான் பதினாறு வயது ஹேரியட் காணாமல் போகிறாள். முப்பத்தாறு வருஷம் கழித்து அவளுடைய சின்னத் தாத்தா ஹென்ரிக், ப்ளோம்க்விஸ்ட் என்ற பத்திரிகையாளரைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுக்கிறார்.

அவன் துப்பறிகிற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய நெகட்டிவ்களை எடுத்து, படங்களை நேர வரிசையில் அடுக்குகிறான். ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்த ஹேரியட்டின் முகம் ஒரு கட்டத்தில் சட்டென்று மாறுகிறது. எதைப் பார்த்தாள்? அதே படத்தில் கேமராவோடு நிற்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் தேடி வடக்கே போகிறான். லாக் ஃபைலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பிழை தேடியவர்களுக்கு இந்தச் சுகம் புரியும். ஹேரியட்டின் குறிப்பேட்டில் ஐந்து எண்கள். போலீஸ் தொலைபேசி எண்கள் என்று நினைத்தது. அவை பைபிள் வசன எண்கள். டேட்டா சரியாத்தான் இருந்தது, அது என்ன வகை என்பதில்தான் எல்லோரும் கோட்டை விட்டார்கள்!

(சாலண்டரின் ஹேக்கிங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கதை எங்கே அடைத்துக்கொண்டாலும் அவள் மடிக்கணினி திறந்துவிடுகிறது.)

கொலைகாரன் யார் என்பதிலும் லார்சன் கெட்டிக்காரர். குடும்பத்தில் பழைய நாஜி ஒருவர் உறுமிக்கொண்டே இருக்கிறார். நம் சந்தேகம் அவர் மேல்தான். கடைசியில் அகப்படுவது கம்பெனியை நடத்துகிற, விருந்துக்குக் கூப்பிட்டு உபசரிக்கிற மார்ட்டின், ஹேரியட்டின் சொந்த அண்ணன். பல பத்தாண்டுகளாகப் பெண்களைக் கொன்றிருக்கிறான். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்தவர்கள், யாரும் தேடி வராதவர்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மார்ட்டின் செத்துப்போகிறான். ஹேரியட் ஆஸ்திரேலியாவில் உயிரோடு இருக்கிறாள். விஷயம் குடும்பத்துக்குள்ளேயே அமுக்கப்படுகிறது. ஹேரியட்டும் தகப்பனாலும் அண்ணனாலும் சீரழிக்கப்பட்டவள். ஊருக்கு முன்னால் வந்து நின்று சொல் என்று அவளைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அது வரைக்கும் சரி. ஆனால் ப்ளோம்க்விஸ்ட்? நிரூபிக்க முடியாததை எழுதி ஜெயிலுக்குப் போனவன், நிரூபிக்க முடிந்ததை எழுதாமல் விடுகிறான். அவனுடைய பத்திரிகையில் ஹென்ரிக் அப்போது பங்குதாரர் வேறு. இறந்த பெண்களின் குடும்பங்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று பேரம் பேசுகிறவள் சாலண்டர் ஒருத்திதான். அதுவும் ரெண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு நூறு பக்கத்துக்கு ஒரு நிதி மோசடிக்காரனைத் துரத்தப் போய்விடுகிறோம்.

ஸ்வீடிஷ் மொழியில் இதன் தலைப்பு ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’. ஒவ்வொரு பாகத்தின் முகப்பிலும் பெண்கள் மீதான வன்முறை பற்றி ஒரு புள்ளிவிவரம் வருகிறது. இவ்வளவு கோபமாக ஆரம்பித்த புத்தகம், வாங்கர் வீட்டுப் பெண் கிடைத்ததும் ஏன் இப்படிச் சாந்தமாகிவிடுகிறது? லார்சனுக்கே இது உறுத்தியிருக்கும். ப்ளோம்க்விஸ்டை அவர் நிம்மதியாக விடவில்லை. ஆனாலும் அவனுடைய குற்ற உணர்ச்சிக்குக் கிடைத்த பக்கங்கள் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. நாவல் 2005-ல் வெளிவரும் முன்பே லார்சன் இறந்துவிட்டார். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்க முடியாது.

படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிங்க. ஆரம்பத்தில் வரும் கோர்ட், கம்பெனி விவகாரங்களில் சோர்ந்துவிடாமல், அவன் தீவுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பொறுத்துக்குங்க.