பழைய நிரலுக்குப் பதவுரை

காவேரிப்பாக்கத்து ஏரியைப் பார்த்தவர்கள் பலர். அவ்வூர்க் கல்வெட்டுகளைப் பார்த்தவர்கள் சிலரே. மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயரால் 'அவனிநாரணச் சதுர்வேதிமங்கலம்' என்று அவை இவ்வூரைக் குறிக்கின்றன. இத்தகைய கல்லைத் துறையினர் எவ்வாறு படிக்கின்றனர்? முதலில் கல்லைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதியுமாறு தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுகின்றனர். கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்துகள் எழுகின்றன. இதற்கு மைப்படி என்று பெயர். பழகிக்கொண்டால், எழுத்து அறியாதவரும் மைப்படி எடுத்துவிடலாம். படிப்பு என்பது அதன் பின்னரே தொடங்குகின்றது.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, கணிப்பொறி உலகில் இன்று பெரிதும் பேசப்படும் ஒரு கருவியை ஆராய்வோம். பல நிறுவனங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரல்களே இன்றும் சம்பளம், சரக்கு, விலைக் கணக்குகளைப் போட்டுவருகின்றன. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டனர். விளக்கக் குறிப்புகள் இல்லை, அல்லது இருப்பவை நிரலோடு பொருந்தவில்லை. 'நிரலை எங்களிடம் கொடுங்கள். அது என்ன செய்கின்றது, ஏன் செய்கின்றது என்பதை எங்கள் கருவி தானாகவே எழுதித் தரும்' என்று விற்பவர்கள் கூறுகின்றனர். இக்கூற்றின் முற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதியை நம்ப நான் தயாராக இல்லை.

முற்பாதிக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். நிரலின் எந்தப் பகுதி எதனை அழைக்கின்றது, ஒரு கோப்பில் உள்ள எண் எங்கெங்கே மாறுகின்றது என்று பட்டியலிடும் கருவிகள் பல்லாண்டுகளாகவே உண்டு. ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்த பழைய நிரல்கள், 2000 பிறந்ததும் '00' என்பதை 1900 என்று கொண்டுவிடும் என்ற அச்சம் எழுந்தபோது இவை பெரிதும் கைகொடுத்தன. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் இதற்கெனவே சென்னையில் ஒரு நிரல் 'தொழிற்சாலை' அமைத்தது. கோபால் மொழியில் (நம் ஊர்ப் பெயரன்று, 1959-இல் வணிகக் கணக்குகளுக்கென வகுக்கப்பட்ட கணிப்பொறி மொழி) எழுதிய நிரல்களை நம் இளைஞர்கள் வரிவரியாகச் சலித்தெடுத்தனர். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அன்று தேட வேண்டியது எது என்று முன்கூட்டியே தெரியும்: தேதி. பழைய நிரலைப் 'புரிந்துகொள்வது' என்னும் வேலையில் எதைத் தேடுவது என்பதே தெரியாது.

அண்மையில் வந்துள்ள மொழி மாதிரிகள் பட்டியலோடு நிற்பதில்லை. கோவையான உரைநடையே எழுதுகின்றன. 2023-இல் ஐ.பி.எம். நிறுவனம், கோபால் நிரல்களை ஜாவா மொழிக்கு மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிவித்தது. இவற்றின் திறனை எடைபோட ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

காவேரிப்பாக்கத்திலிருந்து மேற்கே சென்றால் இராணிப்பேட்டை தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழில் ஊர்கள். அங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனம் 1990-களில் ஃபாக்ஸ்புரோவில் எழுதி வைத்த நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு வரி, பரப்பளவை 9.29-ஆல் பெருக்குகின்றது. சதுர அடியைச் சதுர டெசிமீட்டராக மாற்றுகின்றது என்று கருவி சரியாகவே சொல்லிவிடும். அது உலகப் பொது அறிவு.

இன்னொரு வரி: நாட்டுக் குறியீடு 4 ஆனால் சோதனைக் கட்டணத்தைச் சேர்; சான்றிதழ் எண் இல்லையேல் பட்டியலை அச்சிடாதே. கருவி இதற்குக் குற்றமற்ற பதவுரை தரும். காரணமோ நிரலுக்கு வெளியே கிடக்கின்றது. தோலில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கச் சேர்த்துவந்த பென்டாகுளோரோபீனாலை 1989 டிசம்பரில் ஜெர்மனி தடை செய்தது. ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கை விற்க முடியாது. குறியீடு 4 ஜெர்மனி என்பதை அறிந்தவர்க்கே இது விளங்கும். 'பயனற்ற பழைய வரி' என்று நீக்கினால் கப்பலேறிய சரக்கு திரும்பி வரலாம்.

மூன்றாவது வரிதான் எனக்குக் கவலை தருவது. நவம்பர் முதல் ஜனவரி வரை, தாவரச் சாற்றில் பதனிட்ட தோலின் எடையில் 3 விழுக்காடு கழிக்கப்படுகின்றது. இவ்வகைத் தோல் எடைக்கணக்கில் விற்கப்பட்டு வந்தது; மழைக்காலத்து ஈரக்காற்றில் தோல் நீரை ஏற்று எடை கூடும். கழிவு அதற்காக இருக்கலாம். அல்லது யாரோ ஒரு முகவருடன் செய்த வாய்மொழி உடன்படிக்கையாகவும் இருக்கலாம். நிரலில் இரண்டுக்கும் ஒரே வரிதான்! கருவியோ 'பருவகாலத் தள்ளுபடி' என்று தயக்கமின்றி எழுதிவிடக்கூடும். தள்ளுபடி தேவையில்லை என்று முதலாளி அதை எடுத்துவிட்டால், வறண்ட ஊரில் மறு எடை போடும் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும்.

டென்மார்க்கு நாட்டுக் கணிப்பொறி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாக்கினார். ஒரு குழு எழுதிய மொழிபெயர்ப்பி நிரலை மற்றொரு குழு விரிவாக்க வேண்டியிருந்தது. முழு நிரலும் விரிவான விளக்கங்களும் கையில் இருந்தும், புதியவர்கள் முன்வைத்த மாற்றங்கள் நிரலின் அமைப்பையே கெடுப்பனவாக இருந்தன. எழுதியவர்கள் அதை உடனே கண்டுகொண்டனர். நிரல் என்பது எழுத்தன்று, எழுதியவர் மனத்திலுள்ள கொள்கை என்பது நவுரின் முடிபு. இது சற்றுக் கடுமையானது என்பேன். எழுதியவர் மறைந்தால் நிரலும் செத்தது என்று எந்த நிறுவனமும் இருந்துவிட முடியாது. ஆனால் நோயை அவர் சரியாகவே கண்டார்.

கல்வெட்டுப் பதிப்புகளைப் புரட்டியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். எழுத்துச் சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளிகள் இடுகின்றார். ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் வைக்கின்றார். ஊகித்ததைக் கல்லில் இருந்ததாகக் காட்டுவதில்லை. தானியங்கி விளக்கங்களை நான் குறைகூறுவது இங்கேதான். நிரலில் கண்டதும் தானாகக் கற்பித்ததும் அவற்றில் ஒரே நடையில், ஒரே உறுதியோடு கலந்துவிடுகின்றன. பிழையான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடக் கேடு. இல்லையென்றால் யாரையாவது கேட்டிருப்போம்.

ஆகவே வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது, 'உங்கள் கருவி எத்தனை பக்கம் எழுதும்?' என்பதன்று, 'எந்தெந்த வரிக்குக் காரணம் தெரியவில்லை என்று அது பட்டியல் தருமா?' என்பதே. அப்பட்டியலை எடுத்துக்கொண்டு, மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ ஓய்வாக இருக்கும் பழைய கணக்கரைப் போய்ப் பார்க்கலாம். கழிவு ஏன் 3 விழுக்காடு என்பது அவருக்கு நினைவிருக்கலாம். கருவிக்கு முன்பணம் கட்டும் முன்னரே அவர் விலாசத்தைத் தேடிப் பிடிப்பது நல்லது, அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கின்றது.