மேஸ்திரி கட்டிய நூல்

நான் வீடு கட்டிய கதை இது. மேஸ்திரி ராசிபுரம் பக்கத்துக்காரர். கடைக்கால் தோண்டுவதற்கு முந்தின நாள் மனையில் நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தினார். "நல்லாப் பாத்துக்குங்க சார். எதை மாத்தறதா இருந்தாலும் இன்னிக்கே சொல்லிப்போடுங்க. நாளைக்கு மாத்துனா தனிக் கணக்குங்க."

தலையாட்டினோம். அப்புறம், "சாரம் கட்டியாச்சு, அப்படியே மாடியில ஒரு ரூம் எடுத்துடலாமே" என்று நானே ஆரம்பித்தேன். ரூம் வந்தால் படிக்கட்டு வேண்டாமா? படிக்கட்டுக்குக் கீழே ஒரு கதவு? ஒன்பது லட்சம் பட்ஜெட் பன்னிரண்டில் போய் நின்றது. நான் படித்த பி.காம். ஒன்றும் உதவவில்லை. ஆனால் பாருங்கள், நிலம் என்னுடையது, நஷ்டமும் என்னுடையது. யாரும் அழவில்லை, என் மனைவியைத் தவிர.

எது வேலை, எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எவ்வளவு அகலம் என்று முதலிலேயே எழுதி வைப்பதை நிர்வாகப் புத்தகங்களில் 'ஸ்கோப்' என்பார்கள். நம்ம பாஷையில் எல்லைக்கல். அரசாங்கம் அந்தக் கல்லை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு சேலத்தை விடப் பெரிய பாடம் வேண்டாம்.

2017 அக்டோபரில் மத்திய அமைச்சரவைக் குழு பாரத்மாலா முதல் கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் பட்டியலில் இருந்தது சென்னை - மதுரை. 2018-ல் நாம் கேள்விப்பட்டதோ சென்னை - சேலம் எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம், 10,000 கோடி ரூபாய். மதுரை எப்படி சேலம் ஆனது? கிராமத்தில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் ஜூன் மாதம் போலீஸ் காவலோடு வந்து கல் நட்டபோதுதான் தங்கள் தோட்டம் திட்டத்துக்குள் இருப்பது பூலாவரியிலும் அச்சங்குட்டப்பட்டியிலும் பலருக்குத் தெரிந்தது.

எதிர்ப்பு கிளம்பியதும் திட்டம் இளைக்க ஆரம்பித்தது. 90 மீட்டர் அகலம் 70 மீட்டர் ஆனது. காட்டுக்குள் போகும் தூரம் குறைந்தது. 10,000 கோடி 7,210 கோடி ஆனது. "மக்கள் குரலைக் கேட்டோம்" என்று அதற்குப் பெருமை வேறு.

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 20 மீட்டர் அகலத்தை முழு நீளத்துக்கும் வைத்துப் பார்த்தால் சுமார் 1,370 ஏக்கர். சில மாதத்திலேயே "வேண்டாம்" என்று விடக்கூடிய 1,370 ஏக்கரை முதலில் எதற்குக் கேட்டீர்கள்? ஒன்று, முதல் கணக்கு அவசரத்தில் போட்டது. இல்லை, இரண்டாவது கணக்கு சமாதானத்துக்குப் போட்டது. நான் கட்டின மாடி ரூம் மாதிரி இதைச் சிரித்துக்கொண்டு விட முடியுமா? அந்த ஏக்கர்களில் கிணறு இருக்கிறது, தென்னை இருக்கிறது, பெண்ணுக்குக் கொடுப்பதாகச் சொல்லி வைத்த ஒண்ணரை ஏக்கர் இருக்கிறது.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. பட்டியலில் உள்ள சாலைக்குப் பதில் வேறு சாலையை எடுக்க அமைச்சகத்துக்கு 15 சதவீதம் வரை அதிகாரம் தரப்பட்டிருக்கிறது, எனவே மாற்றம் தப்பில்லை. ஆனால் நிலத்தை எடுப்பதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றியது செல்லாது என்றது. சட்டப்படி எல்லாம் சரியாகிவிட்டது. சாலைதான் இதுவரை வரவில்லை.

"இப்படிப் பேசினால் எந்த வேலைதான் நடக்கும்?" என்பீர்கள். நியாயம். நாமக்கல்லைப் பாருங்கள். சேலம் - கரூர் ரயில் பாதைக்கு 1996-97-ல் அனுமதி. 85 கிலோமீட்டர்தான். பயணிகள் ரயில் ஓடியது 2013 மே மாதம். ராசிபுரத்தில் அப்போது பிறந்த பிள்ளை பிளஸ் டூவுக்கு வந்துவிட்டது! மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே காவிரிமேல் பாலம் கட்டி முடித்தார்கள். ஆனால் ஒற்றைப் பாதை, அதுவும் டீசலுக்கு. மின்சாரக் கம்பி இழுத்தது அப்புறம் தனி வேலை, தனிக் காசு. பதினேழு வருஷத்தில் ஊர் எவ்வளவு வளரும் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லைக்கல்லை ரொம்பக் குறுக்கி நட்டாலும் இந்தக் கதிதான்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். சேலம் - கரூர் என்று ஆரம்பித்தது சேலம் - கரூர் என்றேதான் முடிந்தது. நாமக்கல்காரர் இன்றைக்கு உள்ளூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார்.

திட்டமே மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற வேண்டியது பேப்பரில் மாறட்டும், பென்சிலில் இருக்கும்போது மாறட்டும். மாறினால் ஏன் மாறியது, யார் மாற்றினார்கள், எவ்வளவு கூடும் என்று தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். கல் நடுவது அதற்கப்புறம்.

என் மேஸ்திரி இன்ஜினீயரிங் படித்தவர் இல்லை. ஆனாலும் கடப்பாரையை எடுப்பதற்கு முன் நிலத்துக்காரனைக் கூப்பிட்டு நூலைக் காட்டினார்.