வெண்பாக்கத்தில் கிடைத்த கோல்

சாணார்பட்டியில் சீட்டு நடத்திய என் மாமா ஒருவர் ஆறு மாசம் திருப்பூரில் தலைமறைவாக இருந்துவிட்டு, போன வருஷம் ஊர் திரும்பினார். பணம் போட்டவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். "முருகன் மன்னிச்சுட்டான் மாப்ள, இனி எனக்குப் பயமில்ல" என்றார். அந்தப் பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் சுந்தரர் கதையை மறுபடி எடுத்தேன்.

பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் சேக்கிழார் இதைச் சொல்கிறார். திருவாரூரில் பரவையார் இருக்கும்போதே சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். அங்கேதான் தந்திரம்: சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழமரத்தில் போய் இருக்கும்படி சிவனையே கேட்டுக்கொள்கிறார். சிவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார். மாட்டிக்கொண்ட சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்கிறார். பிறகு ஆரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

ஒற்றியூரில் இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. ஊர் மறக்காமல் வைத்திருப்பது அந்தச் சத்தியத்தைத்தான்.

கண் போனபின் அவர் பாடிய பதிகங்கள் ஏழாம் திருமுறையில் இருக்கின்றன. அவற்றை மனம் வருந்திய பாட்டுகள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். படித்தால் அப்படி இல்லை. வெண்பாக்கத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: நீ பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தான் தப்பு செய்தேன், உனக்கு வரும் பழியைக்கூடப் பார்க்காமல் கண்ணை மறைத்துவிட்டாயே. மாமா சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் சுந்தரர் தன் கணக்கை ஒளிக்கவில்லை. கருணையை முன்கூட்டியே செலவழித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். இந்தப் பதிகத்தின் பலமே அந்த வெளிப்படைதான்.

உள்ளே இருக்கிறீரா என்று கேட்டவருக்கு, இருக்கிறோம், போய் வாரும் என்கிற மாதிரி ஒட்டாத பதில் வருகிறது. கையில் கிடைத்தது ஒரு ஊன்றுகோல் மட்டும். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண், ஆரூரில் வலக்கண். இன்றைய சாலைக்கணக்கில் 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். கருணை தவணை தவணையாகத்தான் வந்திருக்கிறது. தண்டனையை ரத்து செய்யாமல், அதைச் சுமந்து நடக்க ஒரு கோலைத் தந்திருக்கிறது. வெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. கோயிலை பூண்டியில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

சேக்கிழாரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கண் திரும்பியபின் சுந்தரர் ஒற்றியூர் போய் சங்கிலியாரிடம் ஒரு வார்த்தை பேசும் காட்சி இல்லை. ஆரூரில் கோபித்துக்கொண்ட பரவையாரிடம் சிவனே இரண்டு முறை தூது போகிறார். அதைக் கேட்டுக் கலிக்காமர் கொதித்துப்போகிறார். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுத்தது சேக்கிழாரின் பெருந்தன்மை. ஆனால் சத்தியம் வாங்கியவளுக்காகக் கோபப்பட அங்கே யாரும் இல்லை.

பைபிளில் தாவீது கதையிலும் இதே ஓட்டை இருக்கிறது. உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட அரசன், 51ஆம் சங்கீதத்தில் கடவுளுக்கு எதிராக மட்டுமே பாவம் செய்ததாகச் சொல்கிறான். மன்னிப்பு கிடைக்கிறது, ஆனாலும் குழந்தை செத்துப்போகிறது. உரியாவின் பெயர் அந்தச் சங்கீதப் பாட்டுக்குள் வருவதில்லை. இரண்டு மரபுமே, கடவுள் மன்னித்தாலும் விளைவு நிற்காது என்பதை மறைக்கவில்லை. இரண்டுமே பாதிக்கப்பட்டவர் பக்கம் திரும்பிப் பார்க்க மறந்துவிடுகின்றன.

அதனால் கடவுளின் கருணையை நம்புவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அந்த நம்பிக்கை இல்லையென்றால் மாமா திருப்பூரிலிருந்து திரும்பியே இருக்கமாட்டார். ஊருக்குள் தலைகாட்டும் தைரியத்தை அவருக்குப் பழனிதான் கொடுத்தது. அதை நான் கோல் என்று எடுத்துக்கொள்கிறேன். கண் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் பிரச்சனை.

இந்தக் கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு மாப்ள?" என்றார். அவர் அவளிடம் திரும்பிப் போனதாகப் புராணத்தில் காட்சி இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சீட்டு நோட்டை எடுத்துத் தரச்சொன்னார்.